பெரிய மீன் தொட்டிக்கு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வைக்கும்போது ரிட்டர்ன் மோட்டாரிலேயே (சம்ப்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார்) பைப் கோர்த்துவிடலாமா?

கோர்க்கலாம், ஓடும். ஆனால் என் தொட்டியாக இருந்தால் செய்ய மாட்டேன். சென்னை, கடல்நீர்த் தொட்டி, 500 லிட்டர், கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் சின்னத் தொட்டி) என்று எழுதியிருக்கிறீர்கள். சில்லரை ஸ்டாண்டுக்குள்ளேயே அடக்கித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருப்பாரே? பைப்பை விட எனக்கு அதுதான் கவலை.

திருவான்மியூரில் என் மச்சான் வீட்டில் அப்படித்தான் வைத்தார்கள். கத்திரி வெயிலில் சில்லர் நாள் முழுக்க நிற்காமல் ஓடியும் தண்ணீர் 29.5 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, க்ளவுன் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. "சின்ன மெஷின் சார், ஹெச்பி ஏத்திடுங்க" என்றார் கடைக்காரர். நான் போய் ஸ்டாண்டு கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது, பலகை ஓரத்து லேமினேட் பசை விட்டுத் தொங்குகிறது. தண்ணீரிலிருந்து எடுத்த சூடு, கம்ப்ரஸர் இழுக்கிற கரண்டின் சூடு இரண்டும் வெளியே போயாக வேண்டும், அந்தப் பெட்டிக்குள் போக்கிடமில்லாமல் பக்கத்திலிருக்கும் சம்ப்புக்கே திரும்புகிறது. "புதுசு வாங்காதே மச்சான்" என்று சொல்லி, அதே சில்லரை வெயில் படாத சர்வீஸ் பால்கனிக்கு நகர்த்தினோம். 26க்கு வந்து கட் ஆஃப் ஆனது.

அப்போதே பைப்பையும் பிரித்து, சில்லருக்கென்று தனி மோட்டார் போட்டேன். சம்ப்பில் ஃபில்டர் சாக்ஸ் (அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை) தாண்டிய அறையிலிருந்து தண்ணீரை எடுத்து, குளிர்ந்ததை ரிட்டர்ன் மோட்டார் இருக்கும் அறையில் விட வேண்டும். எடுப்பதும் விடுவதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குளிர்ந்த தண்ணீரே திரும்பச் சுற்றி, மேலே தொட்டி சூடாக இருக்கும்போதே சில்லர் நின்றுவிடும். சில்லரின் இரண்டு பக்கமும் பால் வால்வு, யூனியன் (திருகிப் பிரிக்கும் இணைப்பு) கட்டாயம், இல்லாவிட்டால் சர்வீஸுக்குக் கழற்றும்போது ரம்பம்தான் எடுக்க வேண்டும். ஹோஸ் நீளமானால் ஓட்டம் குறையும், அதனால் ஒரு சைஸ் பெரிய ஹோஸ் போட்டு மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். சில்லருக்குள் தண்ணீர் தொடும் காயில் டைட்டானியம்தானா என்றும் கேளுங்கள், தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம்.

"ரெண்டாவது மோட்டாரும் சூடு தருமே, கரண்ட் பில் யார் கட்டுவது" என்று யாராவது வருவார்கள். சூடு தரும்தான், மறுக்கவில்லை. ஆனால் சில்லர் மேனுவலில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று ஓட்டம் போட்டிருக்கும், உங்கள் ரிட்டர்ன் மோட்டார் அதற்குள் வர வேண்டுமென்று சட்டமில்லை, சில்லரில் அடைப்பு விழுந்தால் மொத்தத் தொட்டியின் சுற்றோட்டமும் சேர்ந்து படுக்கும். ஃபேன் போதும் என்பவர்களுக்கும் ஒன்று: அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அது எவ்வளவு தூரம் போகும்?

இன்னொன்று, அசோசியேஷன். பால்கனியில் சில்லர் வைத்ததும் சத்தம் என்று மச்சானுக்குக் கடிதம் வந்தது. அதே சுவரில் வீட்டுக்கு ரெண்டு ஏசி அவுட்டோர் யூனிட் தொங்குகிறது, அதற்கெல்லாம் யாரும் கடிதம் எழுதியதில்லை. வளர்ப்பது மீன் என்றால் மட்டும் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. அடியில் ரப்பர் பேட் வைத்திருந்தும் இதுதான் கதை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடலோரம் என்றால் சில்லரின் கண்டென்சர் ஃபின்னில் (சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடுகள்) உப்பும் தூசியும் சேர்ந்து அடைக்கும், மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சம்ப்பிலிருந்து பால்கனி எவ்வளவு தூரம், சில்லர் என்ன மாடல் என்று எழுதினால் எந்த மோட்டார் சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.