வாசகர் கேள்வி: போர் ஓவியத்தில் எதிரி எங்கே?

கேள்வி: பிரிட்டிஷ் ஓவியர் ஜான் நாஷ் வரைந்த 'ஓவர் தி டாப்' என்னும் முதல் உலகப் போர் ஓவியத்தின் படத்தை என் மகள் காட்டினாள். வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பனியில் குனிந்தபடி நடக்கிறார்கள். எதிரியும் இல்லை, யார் முகத்திலும் ஆவேசமும் இல்லை. இதைப் போர் ஓவியம் என்று எப்படிச் சொல்வது?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: எதிரி இல்லாததற்குக் காரணம், இதை வரைந்தவர் அந்த வரிசையில் தாமே நடந்தவர் என்பதுதான். 1917 டிசம்பர் 30 அன்று, வட பிரான்சில் காம்ப்ரே நகருக்கு அருகே, 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ்' படைப்பிரிவினர் பதுங்குகுழியை விட்டேறி முன்னேறப் பணிக்கப்பட்டனர். சென்ற 80 பேரில் 68 பேர் முதல் சில நிமிடங்களிலேயே மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். தப்பிய 12 பேரில் ஒருவரான நாஷ், 1918-இல் அரசின் போர் ஓவியராக நியமிக்கப்பட்டு இதைத் தீட்டினார். தொலைவில் மறைந்திருக்கும் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி நடப்பவனுக்கு எதிரியின் முகம் தெரிவதில்லை. முன்னால் செல்பவனின் முதுகுதான் தெரியும். களத்துக்கே போகாத ஓவியராக இருந்திருந்தால், துப்பாக்கி முனைக் கத்தியோடு இருவரை நேருக்கு நேர் நிறுத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்த ஓவியத்தில் என் கண் முதலில் செல்வது மனிதர்களிடம் அல்ல, மண்ணிடம். ஏற்காடு மலைப்பாதையில் புதிதாக வெட்டிய சரிவு மழைக்குப் பின் பச்சைப் புண்போலச் சிவந்து கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; சுற்றிலும் வெண்பனி மூடிய நிலத்தில் இந்தக் குழி அப்படித்தான் செம்பழுப்பாகப் பிளந்து கிடக்கிறது. போருக்கு முன் இயற்கைக் காட்சிகளை வரைந்துவந்தவர் என்பதால், நிலத்துக்கு நேர்ந்ததையும் மனிதர்களுக்கு நேர்ந்ததையும் அவரால் ஒன்றாகவே காண முடிந்தது. குழியை விட்டு வெளியேறும் முன்பே சிலர் அதற்குள் இறந்து கிடக்கிறார்கள். ஏறியவர்களோ திரும்பிப் பார்க்காமல், தோள்களைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அந்த நடையில் எனக்குக் கோழைத்தனம் தெரியவில்லை. என்ன நேரும் என்று அறிந்தே நடப்பவர்களின் துணிவு தெரிகிறது.

இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த ஓவியத்தின் அகலம் 1 மீட்டருக்குச் சற்றே அதிகம். நச்சுவாயுவால் பார்வையிழந்த வீரர்களை ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்னும் ஓவியர் வரைந்த, 6 மீட்டர் நீளமுள்ள ஓவியமும் அங்கேதான் உள்ளது.

குழியையும் வீழ்ந்தவர்களையும் விரலால் மறைத்துவிட்டு இந்தப் படத்தைப் பார்க்குமாறு மகளிடம் சொல்லுங்கள்; குளிரில் வீடு திரும்பும் வழிப்போக்கர்கள் போலத் தோன்றுவார்கள். பிறகு விரலை எடுக்கச் சொல்லுங்கள்.