ஏறி உட்காருவதற்கு முன்னால்: துடியான குதிரை பற்றிக் கேட்டவர்களுக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ளவர்கள் அனுப்பியவை. கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: குதிரை துடியாக இருக்கிறது, எப்போது ஏறலாம்? தரையில் நின்று முடிக்க வேண்டிய வேலையை முடிக்காமல் மேலே ஏறுவதால்தான் நம் பக்கத்துப் பையன்கள் கை கால் உடைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் இன்றைக்குப் பெரும்பாலும் தரையிலேயே நின்று பேசப் போகிறேன்.

நாலு வயசு ஆண் குதிரை, மார்வாரிங்கிற குதிரை இனத்துக் கலப்புன்னு சொல்லிக் கொடுத்தாங்க. கிட்ட போனா பின்பக்கத்தைத் திருப்புது, ஒரு தடவை உதைச்சிருச்சு. எத்தனை நாள்ல ஏறலாம்ணா? (காசிமேடு)

நாள் கணக்கு இப்போது வேண்டாம் தம்பி. முதலில் வயதைப் பாருங்கள், விற்கிறவர் நாலு என்று சொன்னால் அது நாலாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயது வாக்கில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். நடு ஜோடி மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பல்லாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது மூன்று வயதை ஒட்டிய குட்டி. முதுகெலும்பு முழுக்க இறுக ஐந்தரை, ஆறு வயது ஆகும். அந்த வயதுக் குட்டிக்குத் தரை வேலை மட்டும் போதும், சவாரியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அது பின்பக்கத்தைத் திருப்புவதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும், தெரியாத இடம் இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். நம் சந்துகளில் தகரம் போட்டுக் கட்டுகிற லாயத்தில் பெரும்பாலும் குதிரை சுவரைப் பார்த்து நிற்கும், ஆள் வாலுக்குப் பின்னாலிருந்து வருவார். ஒவ்வொரு தடவையும் அது திடுக்கிட்டுத் திடுக்கிட்டுக் கடைசியில் முந்திக்கொண்டு உதைக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் முதல் வேலை, வாசலைப் பார்த்து நிற்கும்படி மாற்றிக் கட்டுங்கள். பத்தடிக்கு முன்பே குரல் கொடுங்கள், தோள் பக்கமாகச் சாய்வாகப் போங்கள், முதலில் தொடுவது தோளாக இருக்கட்டும், மூக்கு வேண்டாம்.

அப்புறம் கயிறு வேலை. முகக்கயிறு மாட்டி, கயிறை லேசாக முன்னால் இழுத்துப் பிடியுங்கள், சுண்டக் கூடாது. தலையைத் தூக்கும், கழுத்தை விறைக்கும், பின்னால் சாயும், நீங்கள் அதே பிடியோடு கூட்டாமல் குறைக்காமல் நில்லுங்கள். ஒரு கட்டத்தில் உடம்பின் பாரம் முன்பக்கம் மாறும், குளம்பு இன்னும் மண்ணை விட்டு எழும்பியிருக்காது, முழங்கால் மட்டும் தளர்ந்திருக்கும். அந்த நொடியில் கயிறை விடுங்கள். பெரும்பாலானவர்கள் தவற விடுவது இந்த நொடியைத்தான். எப்போது விட்டீர்களோ அப்போது என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் சரி என்று குதிரை மனதில் பதியும், அது பின்னால் இழுக்கும்போது கை வலிக்கிறது என்று விட்டீர்களானால் பின்னால் இழுக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

முன்னால் வருவது, நிற்பது, பின்னால் அடி வைப்பது, பின்காலை ஒன்றின் மேல் ஒன்று மாற்றி ஒதுங்குவது, இந்த நாலும் இரண்டு பக்கமும் வர வேண்டும். கடைசியில் சொன்னதில் கூடுதலாக நேரம் செலவிடுங்கள், பின்கால் குறுக்கே போகும்போது குதிரையால் உந்தி ஓடவோ துள்ளவோ முடியாது, நாளைக்கு மேலே உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு இருக்கிற பிரேக் அதுதான். காலையில் பதினைந்து நிமிடம், சாயங்காலம் பதினைந்து நிமிடம். கோபம் வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள். விரை நீக்குவது பற்றியும் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள், இனவிருத்திக்கு வைக்கப் போவதில்லை என்றால் குதிரைக்கும் உங்களுக்கும் நிம்மதி.

காலையில ரெண்டு படி கொள்ளு, சாயங்காலம் ரெண்டு படி. நல்லா கவனிச்சுக்கிறேன், ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. (வியாசர்பாடி)

நாலு படி கொள்ளைக் கொடுத்து நாள் முழுக்கக் கட்டியும் வைத்தால் எப்படி நிற்கும்? பலர் துடி என்று சொல்வது செலவாகாத தீனிதான். குதிரை மேயப் பிறந்த பிராணி, திறந்த வெளியில் விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட மேயும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் வேண்டும், 350 கிலோ குதிரைக்கு 5 முதல் 7 கிலோ. பச்சைப் புல் என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் பல மடங்கு போட வேண்டியிருக்கும். தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், சித்திரை வெயிலில் அதற்கும் மேல். கொள்ளைக் குறையுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. தீனியைச் சட்டென்று மாற்றினால் வயிறு கெடும், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது உள்ளேயே நின்று உயிரை வாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் மணல் தரை அதிகம் என்பதால். புல்லைத் தரையில் போட்டால் குதிரை மணலையும் சேர்த்துத் தின்னும், அது குடலில் சேர்ந்து வயிற்று வலியில் கொண்டுவிடும். சோதிக்கச் செலவே இல்லை. தரையைத் தொடாத சாணி உருண்டைகளில் ஐந்தாறை எடுத்து ஒரு பாலிதீன் கவரில் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு மூலை கீழே இருக்கும்படி கால் மணி நேரம் தொங்க விடுங்கள். விரலால் அந்த மூலையைத் தடவினால் நறநறவென்று ஒரு ஸ்பூன் மணல் தட்டுப்பட்டால் தீனித்தொட்டி கட்டும் வேலையை அன்றைக்கே ஆரம்பியுங்கள். குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பிறாண்டுவது, படுத்துப் புரள்வது, சாணி போடாமல் இருப்பது, இதில் எதைக் கண்டாலும் கை வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்கு அது எட்டும் தூரம்தான்.

சேணத்தைக் கையில எடுத்தாலே காதைப் பின்னால மடக்கிக்கிட்டுக் கடிக்க வருது. மத்த நேரத்துல சாது. (பழைய வண்ணாரப்பேட்டை)

மற்ற நேரத்தில் சாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அப்படியானால் சேணம் வலிக்கிறது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள், எங்கே தோல் துடிக்கிறது, எங்கே முதுகைத் தாழ்த்துகிறது என்று பாருங்கள். பிடரி முடியும் இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருந்தால் பழைய சேணம் அங்கே அழுத்தியிருக்கிறது. சேணத்தைத் துணியில்லாமல் வைத்துப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகுத்தண்டின் மேல் வெளிச்சம் தெரிய வேண்டும்.

வலி இல்லை என்று உறுதியான பிறகு முதலிலிருந்து பழக்குங்கள்: வெறும் சாக்கு, அப்புறம் சாக்கும் தளர்ந்த வாரும், அப்புறம் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாத சேணம். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். நான் பழக ஆரம்பித்த புதிதில் அவசரத்தில் ஒரே இழுப்பாக இறுக்கினேன், குதிரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, நான் அதை அமைதி என்று நினைத்தேன், இரண்டடி நடத்தினதும் அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தது. என் மணிக்கட்டு உடைந்தது, அந்தக் குதிரை வாருக்குப் பயந்ததைத் தெளிய வைக்க ஒரு வருஷம் ஆனது. ஒரு துளை இறுக்கி நடத்துங்கள், இன்னொரு துளை, மறுபடி நடை. மூன்று தடவையாக.

கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சா பிச்சுக்கிட்டு ஓடுது. பட்டாசு வெடிச்சுப் பழக்கலாமா? (ராயபுரம்)

வேண்டவே வேண்டாம். கட்டிப்போட்டுப் பக்கத்தில் வெடித்தால் குதிரை பயந்து பயந்து சோர்ந்து நிற்கும், பார்ப்பவருக்குப் பழகிவிட்டதுபோல் தெரியும், ஒரு நாள் நடுரோட்டில் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். சத்தத்தைத் தூரத்தில் ஆரம்பியுங்கள். லாரி போகிற ரோட்டிலிருந்து எந்த இடத்தில் நின்றால் காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிகிறதோ அந்த இடம்தான் உங்கள் தொடக்கம். அது நூறு அடியானாலும் சரி, இருநூறு அடியானாலும் சரி. அங்கேயே சில நாள் நின்றுவிட்டு, நாலடி கிட்டே வாருங்கள். கழுத்து தாழ்ந்து, வாயை மென்று, மூச்சை நீளமாக விட்டால் போதும், அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். பழகின ஒரு கிழக் குதிரை கூடவே நின்றால் வேலை பாதியாகும், சௌகார்பேட்டை கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே போகிற குதிரைகளோடு புதுக் குதிரையை நடக்க விடுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

முள் வச்ச கடிவாளம் போட்டா அடங்கும்னு சொல்றாங்க. (மணலி)

போடாதீர்கள். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. வலிக்குப் பயந்து குதிரை ஓடத்தான் செய்யும், நிற்காது. சாதாரண வழுவழுப்பான கடிவாளம், வாய் ஓரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் அளவுக்கு. தலையை உதறிக்கொண்டே இருந்தால் கடைவாய்ப் பல் கூர்மையாகி கன்னத்தைக் கிழிக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் பையனுக்குப் பதினாலு வயசு, சித்தப்பா வீட்டுக் குதிரைன்னா உயிர். விடலாமா கூடாதான்னு தெரியல. (கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா)

விடுங்கம்மா, ஆனால் சவாரிக்கு இப்போது வேண்டாம். தேய்த்து விடுவது, குளம்பு சுத்தம் செய்வது, கயிறு பிடித்து நடத்துவது, இதில் ஆறு மாதம் போகட்டும், பெரியவர் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும். கயிறைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும், குதிரை இழுத்தால் விரலே போய்விடும். செருப்போடு போகக் கூடாது, காலை மூடுகிற ஷூ வேண்டும். தலைக்கவசம் கயிறு பிடிக்கும்போதும் இருக்கட்டும். பையனுக்கும் குதிரைக்கும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், எல்லாப் பிராணிகளையும்விடக் குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் பற்றும். விடியற்காலையில் ரோட்டில் பந்தயம் விடுகிறவர்களோடு மட்டும் அனுப்பாதீர்கள். தார் ரோட்டில் பாய விட்டு ஐந்து வயதிலேயே கால் போன குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

நெத்தியில ரெண்டு சுழி இருக்கு. முரட்டுக் குதிரைன்னு சொல்றாங்களே? (திருவொற்றியூர்)

எங்கள் தாத்தா ஜட்கா ஓட்டினவர், சுழி பார்க்காமல் குதிரை வாங்க மாட்டார். நான் பார்ப்பதில்லை. சுழி சரியில்லை என்று கேட்டதும் நம் கை இறுகிவிடும், இறுகின கையில் எந்தக் குதிரையும் முரடாகும். கண்ணையும் குளம்பையும் நடையையும் பாருங்கள்.

தரை வேலை மூணு மாசமா பண்ணிட்டேன். முதல் தடவை எப்படி ஏறுறது? கடல் மணல்ல ஏறலாமா? (எண்ணூர்)

மூன்று மாதம் பொறுத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நம் பக்கம் கரை முக்கால்வாசி கல் கொட்டினது, மணல் இருக்கிற இடத்திலும் அலை பின்வாங்கும்போது தரையே நகர்வதுபோல் தெரிந்து புதுக் குதிரை மிரளும், காய்ந்த மணல் தசைநாரை இழுக்கும். அதனால் முதல் தடவை சுற்றி அடைத்த, தெரிந்த இடத்திலேயே ஏறுங்கள்.

ஓட விட்டுக் களைக்க வைத்து ஏறு என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். தினமும் அப்படி ஓட்டினால் தாக்குப்பிடிக்கும் தெம்புதான் கூடும், அடுத்த மாதம் களைக்க வைக்கவே முடியாது. நீளக் கயிறில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து நிமிடம் சுற்றினால் போதும், அது களைப்புக்காக அல்ல, இன்றைக்குக் காது கொடுக்கிறதா என்று பார்க்க. உங்கள் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 350 கிலோவுக்கு 70. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

குதிரைக்குப் பழக்கமான ஒருவர் கயிறோடு தோள் பக்கம் நிற்கட்டும். நீங்கள் ஒரு முக்காலி மேல் நின்று சேணத்தைத் தட்டுங்கள், சாயுங்கள், இறங்குங்கள். அப்புறம் உங்கள் வயிறு சேணத்தில் படும்படி மூட்டைபோலக் குறுக்கே படுத்து அங்கேயே தொங்குங்கள், கையை நீட்டி மறுபக்கத் தோளைத் தடவுங்கள். குதிரை தலையைத் திரும்பி உங்கள் காலை முகர்ந்து பார்க்கும், பார்க்க விடுங்கள். இப்படியே நாலைந்து நாள். காது ஆடிக்கொண்டு, ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்கிற நாளில் உங்கள் கால் குதிரையின் பின்பக்கத்தில் இடிக்காமல் தூக்கிப் போட்டு மெதுவாக உட்காருங்கள். நடத்தக்கூட வேண்டாம், மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்கி, வாரைத் தளர்த்தி, தண்ணீர் காட்டுங்கள்.