நரம்பு செல்லுக்குத் துணை நிற்கும் செல்கள் வெறும் பசைதானா?

கேள்வி: "மூளையிலும் நரம்பிலும் எல்லா வேலையையும் நியூரான்தானே செய்கிறது? அப்புறம் கிளியல் செல்கள் எதற்கு? அவை சும்மா ஒட்டி வைக்கிற பசைதானா?"

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பத்து வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால், 'நியூரான்களைத் தாங்கிப் பிடிக்கும் துணை செல்கள்' என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் என் சித்தப்பா படுத்த பிறகுதான் அந்த ஒரு வரியில் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தது.

அவருக்கு முதலில் வந்தது சாதாரண வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் சரியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பாதம் இரண்டும் மரத்தாற்போல் இருக்கிறது, செருப்பு நழுவுவதே தெரியவில்லை என்றார். மறுநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. அதற்கடுத்த நாள் மல்பெரி தழையைக் கிள்ள விரல் மடங்கவில்லை. புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன, அதாவது தழை தின்று தீர்க்கிற நேரம். "உடம்பு அப்புறம் பார்த்துக்கலாம், புழுவுக்கு யார்டா தழை போடுறது?" என்பதுதான் அவர் கவலை. பக்கத்தில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பினார். வாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்க்கக் கூட்டிப்போகச் சொன்னவர்களும் உண்டு. நல்ல வேளை, சித்தி கேட்கவில்லை. தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. நரம்பில் மின்சாரம் விட்டு வேகத்தை அளந்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். அதில் புரதம் கூடியிருந்தது, செல்கள் கூடவில்லை. கில்லன் பாரே சிண்ட்ரோம் என்றார்கள். 1916ல் பிரான்சில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்த நோய். ஸ்ட்ரோலின் பெயர் பாவம், வழக்கத்தில் உதிர்ந்துவிட்டது.

"கம்பி நல்லாத்தான் இருக்குதாம். மேல சுத்துன தோலுதான் போச்சாம்." டாக்டர் சொன்னதைச் சித்தப்பா இப்படித்தான் எங்களுக்குச் சொன்னார். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

கம்பி என்று அவர் சொன்னது ஆக்சான். நியூரானுக்கு ஒரு செல் உடலம் உண்டு, உட்கரு அங்கேதான். அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிபவை டெண்ட்ரைட்டுகள், செய்தியை உள்ளே வாங்குபவை. நீளமாக ஓடுகிற ஒற்றை இழைதான் ஆக்சான், செய்தியை வெளியே கொண்டுபோவது. இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு நியூரானின் ஆக்சான் பாதம் வரைக்கும் போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரே செல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து பார்க்கும்.

இவ்வளவு தூரம் மின்செய்தி எப்படிக் குறையாமல் போகிறது? எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் ஓட்டை இருப்பதால் கடைசிச் செடிக்குப் போகும்போது தண்ணீரில் வேகம் இருக்காது. வெறும் ஆக்சானும் அப்படித்தான், சவ்வு வழியாக மின்னோட்டம் கசியும். அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் சோடியத்தை உள்ளே விட்டுச் செய்தியைத் திரும்பத் திரும்ப உண்டாக்க வேண்டும். வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான், சிலவற்றில் அதற்கும் கீழே.

இங்கேதான் கிளியல் செல்களில் ஒரு வகையான ஷ்வான் செல் வருகிறது. ஒரு ஷ்வான் செல், ஆக்சானின் ஒரு சின்னத் துண்டைப் பாய் சுருட்டுவது போல் பல சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. சுற்றச் சுற்ற அதன் உள்ளேயிருக்கும் சாறு பிதுங்கி வெளியேறி, கொழுப்பு மிகுந்த சவ்வு அடுக்கடுக்காக நிற்கும். அதுதான் மையலின். கசிவு நின்றது. இரண்டு ஷ்வான் செல்களுக்கு நடுவில் மட்டும் ஒரு மயிரிழை இடைவெளி, ரேன்வீர் கணு. சோடியம் வழிகள் அங்கேதான் குவிந்திருக்கும். செய்தி அந்தக் கணுக்களில் மட்டும் புதுப்பிக்கப்பட்டுத் தாவித் தாவிப் போகும். நல்ல தடிமனான ஆக்சானில் நொடிக்கு 120 மீட்டர் வரை வேகம் கிடைக்கும். தடித்த ஆக்சானில் ஒரு செல் மூடுவது ஒரு மில்லிமீட்டர் அளவு, ஆகவே காலுக்குப் போகிற ஒரே ஒரு ஆக்சானுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ஷ்வான் செல்கள் வேலை செய்கின்றன.

வேக வித்தியாசத்தை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கால்விரல் கல்லில் இடித்தால் முதலில் 'சுருக்' என்று ஒன்று, சற்றுப் பொறுத்து 'விண் விண்' என்று எரிச்சல். முன்னது மெல்லிய மையலின் உள்ள இழை வழியாக வருவது, பின்னது மையலின் இல்லாத இழை வழியாக. மையலின் இல்லை என்பதால் அந்த இழை அநாதை என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்ட இழைகள் பலவற்றை ஒரே ஷ்வான் செல் தன் மடியில் இடுக்கிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா தோல் என்றாரே, அது செத்த உறையல்ல, உயிருள்ள செல் என்பதுதான் விஷயம். வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாவின் மேற்புறத்தில் நம் நரம்பில் இருப்பதைப் போன்ற பொருள்கள் உண்டு. கிருமியைத் தேடிய நோய் எதிர்ப்புப் படை ஆள் மாறாட்டத்தில் நரம்பின்மேல் பாய்ந்துவிடுகிறது. வேறு தொற்றுகளுக்குப் பின்னும் இந்நோய் வரலாம். ஆக்சானையே தாக்கும் வகையும் உண்டு. சித்தப்பாவுக்கு வந்தது மையலினை உரிக்கும் வகை. உரிந்த இடத்தில் செய்தி கசிந்து நின்றுவிடும். அதனால் மூளை ஆணையிட்டும் கால் அசையவில்லை.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் ஏற்றினார்கள். அதைவிடப் பயந்தது மூச்சுக்குத்தான். மூச்சு இழுக்கும் தசைகளின் நரம்பையும் இந்த நோய் தொடலாம். நர்ஸ் அடிக்கடி வந்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். இருபத்தெட்டில் ஆரம்பித்தவர் இரண்டாம் நாள் பதினெட்டில் நின்றார். அன்று இரவு யாரும் தூங்கவில்லை. நான்காம் நாள் இருபத்திரண்டு. பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் கேட்கும்போதுகூட அவர் வாயை நாங்கள் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் கோல் ஊன்றி நடந்தார். காரணம், ஷ்வான் செல்கள் உரிந்த இடத்தில் மறுபடி பெருகிச் சுற்றிக்கொள்ளக்கூடியவை. ஆக்சானே அறுந்திருந்தால் அது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர வேண்டும், வருடக்கணக்காகும். அப்போதும் வழிகாட்டுவது வரிசையாகக் காத்திருக்கும் ஷ்வான் செல்கள்தான். (இரண்டு காலும் சேர்ந்து பலவீனமாகி, அது நாளுக்கு நாள் மேலே ஏறினால் சத்து ஊசிக்குக் காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

சரி, பசைக்கு வருவோம். அந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, 1856ல். மூளையில் நரம்பு செல்களுக்கு நடுவே கிடந்ததை ஒட்டுப்பொருள் என்று எண்ணி 'நியூரோகிளியா' என்றார். கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. எங்கள் ஊர்க்காரனுக்குப் பசை என்றதும் பட்டுக்கூடுதான் ஞாபகம் வரும். புழு விடுகிற இழையின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். கூட்டை வெந்நீரில் போட்டு அதை இளக்கித்தான் நூலெடுப்பார்கள். மிச்சப் பசையும் போன பிறகுதான் பட்டு மினுக்கும். நரம்பில் அப்படிப் பசையை எடுத்துவிட்டு நூலை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. என் வாத்தியார்ப் புத்தி பத்து வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

மூளைக்குள் ஷ்வான் செல் கிடையாது. அங்கே மையலின் சுற்றுவது ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற இன்னொரு வகை கிளியல் செல். இது பல கைகளை நீட்டி ஒரே நேரத்தில் பல ஆக்சான்களைச் சுற்றும். நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்தான் எனக்குப் பிடித்தது. ஒரு கையால் ரத்தக் குழாயைப் பிடித்திருக்கும், இன்னொரு கை இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸ் பக்கத்தில். நியூரான் துடித்ததும் வெளியே சேரும் பொட்டாசியத்தை உறிஞ்சும். சினாப்ஸில் கொட்டிய குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை அள்ளி, குளூட்டமினாக மாற்றித் திருப்பிக் கொடுக்கும். அள்ளாமல் விட்டால் அதே குளூட்டமேட் நியூரானைக் கொன்றுவிடும். குப்பை, காவல் இரண்டும் மைக்ரோகிளியாவின் பொறுப்பு. வளரும் மூளையில் வேண்டாத சினாப்ஸ்களைக் கவாத்து செய்வதும் அதுவே. மூளை அறைகளின் உட்சுவரில் இருக்கும் எபெண்டைமல் செல்கள் தங்கள் நுண்ணிழைகளால் மூளைநீரை நகர்த்துகின்றன.

ஒரு நியூரானுக்குப் பத்து கிளியல் செல் என்று நான் படித்த காலத்துப் புத்தகங்களில் இருந்தது. நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். 2009ல் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெலின் குழு மூளையைக் கரைத்து உட்கருக்களை எண்ணியது. நியூரான் சுமார் 8600 கோடி, மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவு. பத்துக்கு ஒன்று என்பது தப்பு.

இந்த வருடம் இந்தப் பகுதிக்கு இரண்டு பீரியட் எடுத்தேன். "சார், அந்தத் துணை செல் ஒண்ணுகூட இல்லாம நியூரானை மட்டும் தனியா வளர்த்தா என்ன ஆகும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென் பேரஸின் ஆய்வகம் 1997ல், எலியின் விழித்திரை நியூரான்களைக் கிளியல் செல் இல்லாமல் தட்டில் வளர்த்தது. நியூரான்கள் உயிரோடு இருந்தன, இழைகள்கூட விட்டன. ஆனால் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறுவது மிகக் குறைவு. கிளியல் செல்களைச் சேர்த்து வளர்த்த தட்டில் பேச்சு பல மடங்கு கூடியது.

"அப்போ கிளியல் செல் சேர்க்கிற வரைக்கும் நியூரான் சும்மா இருந்துச்சா சார்?" என்றாள். கிட்டத்தட்ட ஆமாம் என்றேன்.