இன்ஃப்ரக்சுவஸ் என்றால் தோல்வியா?

அன்புள்ள ஐயா,

இடமாறுதலை எதிர்த்த ஒரு ரிட் மனு, மனுதாரர் ஓய்வுபெற்ற பிறகு விசாரணைக்கு வந்தது. 'டிஸ்மிஸ்டு ஆஸ் இன்ஃப்ரக்சுவஸ்' என்று உத்தரவு. 'ஆதாரமற்றது எனத் தள்ளுபடி' என்று செய்தி போட்டார்கள். இது சரியா? தமிழில் எப்படிச் சொல்வது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

சரியல்ல. ஆதாரமில்லை என்று சொல்ல நீதிபதி வழக்குக்குள் போயிருக்க வேண்டும். இங்கே உள்ளே போகும் தேவையே அற்றுவிட்டது. கனியைக் குறிக்கும் 'ஃப்ரக்டஸ்' என்ற லத்தீன் சொல்தான் வேர். கேட்டதை இப்போது கொடுத்தாலும் கையில் எதுவும் வராது என்பது பொருள்.

குண்டர் சட்டக் காவல் அதிகபட்சம் 12 மாதம். அது முடிந்து ஆள் வெளியே வந்த பிறகு ஆட்கொணர்வு மனு எடுக்கப்பட்டால் இதே சொல்தான் விழும். அடைத்தது முறையா என்பதற்கு அதில் விடை கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விசாரித்து இறுதியாகத் தீர்மானித்த விஷயத்துக்கே மறுவழக்குத் தடை விதிக்கிறது. இப்படி முடிந்த மனுவுக்கு அந்தத் தடை பொதுவாக வராது. ஆனால் இடைக்காலத் தடை வாங்கியிருந்தால் அதுவும் மனுவோடு போய்விடும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் சொல்லும் மனுவிலேயே சம்பள நிலுவையும் கேட்டிருந்தால், ஓய்வோடு அது செத்துவிடாது. இடமாறுதல் கோரிக்கை மட்டுமே காலாவதி. வழக்கறிஞர் அதை எழுந்து சொல்ல வேண்டும். குறைந்தபட்சம், நிலுவைக்குத் தனியே மனு போட 'லிபர்ட்டி', அதாவது நீதிமன்ற அனுமதி, கேட்டு, அந்த வரி உத்தரவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா இருந்தால் மொத்த மனுவும் மூடப்படும்.

தமிழில் 'பயனற்ற மனு' என்றால் முதலிலிருந்தே உதவாதது என்றாகிவிடும். 'பயனற்றுப்போன' என்று எழுதுங்கள். நடுவில் நேர்ந்த மாற்றத்தை அந்தப் 'போன' சொல்லிவிடும். தணிக்கை அறிக்கைகளில் வரும் 'இன்ஃப்ரக்சுவஸ் எக்ஸ்பெண்டிச்சர்' வேறு சங்கதி, அதற்கு 'வீண்செலவு' போதும். அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த இடத்தில் 'மூட்' என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு 'விவாதத்துக்குரிய' என்று பொருள் என்பதால் நமக்கு அது குழப்பம்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஃப்ர' ஒலிக்கு 'யு' (u) எழுத்துதான். 'ஏ' (a) போட்டு 'இன்ஃப்ராக்சுவஸ்' ஆக்கினால் விதிமீறலைக் குறிக்கும் 'இன்ஃப்ராக்ஷன்' வாடை அடிக்கும்.