"சாகும்வரை தூக்கிலிட வேண்டும்" என்று தீர்ப்பில் எழுதுவது ஏன்? கயிறு அறுந்து ஆள் பிழைத்துவிட்டால் விட்டுவிடுவார்களா?

விட மாட்டார்கள். உயிர் இருந்தால் தண்டனை இன்னும் நிறைவேறவில்லை என்றுதான் அர்த்தம். அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லத்தான் அந்த வாசகம்.

கயிறு அறுந்தால் விடுதலை என்ற பேச்சு ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடம் பக்கமும் உண்டு. ஒரு வக்கீல், "தூக்கில் போடச் சொன்னீர்கள், போட்டாயிற்று, இனி ஆளை விடுங்கள்" என்று வாதாடிக் கட்சிக்காரரை மீட்டாராம். அப்புறம்தான் 'சாகும்வரை' என்று சேர்த்தார்களாம். அந்த வக்கீல் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். பெரும்பாலும் மோதிலால் நேரு. நல்ல கதைதான், காலம்தான் இடிக்கிறது. அவர் பிறந்ததே 1861இல். இங்கிலாந்துச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1760களில் எழுதிய நூலிலேயே இந்த வாசகம் இருக்கிறது. தூக்கிலிடப்பட்டவர் பிழைத்துக்கொண்டால், தண்டனையை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீப் மறுபடியும் தூக்கிலிட வேண்டும், முதலில் போட்டது கணக்கில் வராது என்றும் அவரே சொல்லிவிட்டார்.

பிழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1650இல் ஆக்ஸ்போர்டில் ஆன் கிரீன் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டு, உடலை அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் மூச்சு இருந்தது! அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அது இரக்கப்பட்டுக் கொடுத்தது, தீர்ப்பில் ஓட்டை இருந்ததால் கிடைத்ததல்ல.

நம் நாட்டில் 1898ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த அதே வாசகம் 1973 சட்டத்தில் 354(5) ஆனது. இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 393ஆம் பிரிவில் இருக்கிறது.

இந்த வாசகத்தைக் கேட்டதும் நாளைக்கே தூக்கு என்று நினைத்துவிடுகிறோம். 2014 அக்டோபர் 30 அன்று, போதைப்பொருள் கடத்தியதாகச் சொல்லி நம் மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது எங்கள் ராமேஸ்வரம் தீவு முழுக்க அந்தப் பதற்றம்தான். சாலையை மறித்தார்கள், ரயிலை மறித்தார்கள். "தேதி குறிச்சிட்டாங்களாப்பா?" என்று வயதான அம்மாக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதில்லை என்று சொன்னால் யார் காதில் ஏறும்? ஊர் கொதித்ததில் தப்பே இல்லை, தூக்கில் போடாவிட்டாலும் சிறைதானே. மேல்முறையீடு போட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்று, நவம்பர் 19 அன்று இலங்கை ஜனாதிபதியின் மன்னிப்பில் ஐந்து பேரும் வெளியே வந்தார்கள்.

இங்கேயும் செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்று எழுதினால் உடனே நிறைவேற்ற முடியாது. மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். அப்புறம் உச்ச நீதிமன்றம், பிறகு ஆளுநர், குடியரசுத் தலைவர் என்று கருணை மனு. அது தள்ளுபடியானதைக் கைதிக்குத் தெரிவித்த பிறகும் 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நீதிபதி பேனா முள்ளை உடைப்பாரே என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அது வெறும் வழக்கம், சட்டத்தில் இல்லை.