பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் கோர் 2 டுவோ ப்ராசசர், 2 ஜிபி ரேம். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டால் வேகமாக ஓடும்?

பதில்: லுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பு, இரண்டில் எதை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் டிஸ்ட்ரோ பெயரைத் தேடுவதில் நாளைக் கழிக்காதீர்கள். இலகுவான டெஸ்க்டாப் தொடக்கத்தில் சில நூறு எம்பிதான் எடுக்கும். அதன்மேல் பிரவுசரைத் திறந்து நாலைந்து டேப் போட்டால், அது மட்டுமே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். டிஸ்ட்ரோ மாற்றி நீங்கள் மிச்சம் பிடிப்பதை ஒரே ஒரு வீடியோ தளம் விழுங்கிவிடும். அதனால் விளம்பரத் தடுப்பான் ஒன்று போடுங்கள், டேப்களைக் குறையுங்கள். முடிந்தால் ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். அந்தத் தலைமுறை லேப்டாப்களில் டிடிஆர்2 வகை ரேமும் உண்டு, டிடிஆர்3 வகையும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பழைய ரேமைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் 32 பிட் விண்டோஸ்தான் இருந்தது. அப்படியானால் 32 பிட் லினக்ஸ்தானே போட வேண்டும்?

பதில்: அவசியமில்லை. நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 64 பிட் ப்ராசசர் உள்ள லேப்டாப்களிலும் 32 பிட் விண்டோஸ் போட்டு விற்ற காலம் அது. ஏதாவது ஒரு லினக்ஸை பென் டிரைவிலிருந்து திறந்து, டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) எல், எஸ், சி, பி, யூ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டி என்டர் அடியுங்கள். 64 பிட் ஓடுமா ஓடாதா என்று மேலேயே காட்டும். கோர் 2 டுவோ என்றால் பார்க்கவே வேண்டாம், 64 பிட்தான். முதல் தலைமுறை ஆட்டம் நெட்புக்குகள் பல 32 பிட்டோடு நின்றவை.

ப்ராசசர் 64 பிட் என்றால் ரேம் குறைவாக இருந்தாலும் 64 பிட்டையே போடுங்கள். 32 பிட்டின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் பிசி இன்ஸ்டாலர் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது. உண்மையிலேயே 32 பிட் மட்டும்தான் என்றால் ஆன்டிஎக்ஸ் 23 என்ற டிஸ்ட்ரோவைப் பாருங்கள். எழுதவும், பாட்டு கேட்கவும், கோப்புகளைச் சேமித்து வைக்கவும் அந்த மெஷின் இன்னும் உதவும். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

கேள்வி: இறக்கிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை பென் டிரைவில் காப்பி செய்தேன். பூட் ஆகவே இல்லையே சார்?

பதில்: சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும்; பென் டிரைவில் முன்பு இருந்தது அழிந்துவிடும். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு தடவை பென் டிரைவில் ஏற்றிவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓக்களைக் காப்பி செய்தாலே போதும், நான்கைந்து டிஸ்ட்ரோக்களை ஒரே டிரைவில் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், ஆமை வேகம். இன்ஸ்டால் செய்தாலும் இப்படித்தானா?

பதில்: இல்லை. யூஎஸ்பி 2.0 வழியாக ஒவ்வொரு கோப்பையும் இழுத்து வருவதால் வரும் தாமதம் அது. இப்படி இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டும் லைவ் முறையில் வேகத்தைப் பார்க்காதீர்கள், உறுப்புகளைப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று சோதியுங்கள். மூடித் திறப்பதைப் பலர் விட்டுவிட்டு இன்ஸ்டால் செய்த பிறகு வருந்துகிறார்கள். பப்பி லினக்ஸ் போன்றவை இதில் விலக்கு. ரேம் போதுமான அளவு இருந்தால் பப்பி தன்னை முழுவதும் ரேமில் ஏற்றிக்கொள்ளும், பென் டிரைவிலிருந்தே சுறுசுறுப்பாக ஓடும்.

கேள்வி: வைஃபை தெரியவே இல்லை. டிரைவர் இறக்கலாம் என்றால் இணையம் இல்லை!

பதில்: போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள். பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்ளும். பிராட்காம் சிப் என்றால் அதற்கான ஃபர்ம்வேரை (சிப் இயங்கத் தேவையான மென்பொருள்) அந்த இணைப்பிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: செலவு செய்ய ஒரு தடவைதான் முடியும். ரேமா, எஸ்எஸ்டியா?

பதில்: 4 ஜிபி இருந்தால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. பழைய லேப்டாப் இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். ரேம் தீர்ந்து ஸ்வாப்புக்கு (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) போகும்போது அந்த டிஸ்க் தலையை அங்கும் இங்கும் நகர்த்தியே திணறும். பழைய லேப்டாப்களில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா 2 இணைப்பு வினாடிக்கு 300 எம்பியைத் தாண்டாது, ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 2 ஜிபி மட்டுமே என்றால் முதலில் ரேம். கூடவே லினக்ஸில் உள்ள இசட்ரேம் வசதியை இயக்குங்கள். ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைப்பதால் டிஸ்க்குக்குப் போவது குறையும், செலவும் இல்லை.

இன்னொன்று, ஃபேனில் தூசி அடைத்திருந்தால் ப்ராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் அது தீராது. முதலில் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, 11 இதில் ஏறவில்லை. லினக்ஸோடு பழைய விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். முதலில் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்தே பார்ட்டிஷனை (டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதி) சுருக்கி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அமைப்பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகும். லினக்ஸ் பழகும்வரை இரண்டும் இருப்பதில் தவறே இல்லை. இணையத்துக்கு மட்டும் லினக்ஸ் பக்கமே போங்கள்.

கேள்வி: அப்பாவுக்காகக் கேட்கிறேன். 4 ஜிபி ரேம். செய்தி படிப்பார், தமிழில் தட்டச்சு செய்வார்.

பதில்: லினக்ஸ் மிண்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மெனு கீழே இடது மூலையில் இருப்பதால் விண்டோஸ் பழகியவர் தேட மாட்டார். தமிழ்99 விசைப்பலகை அமைப்புகளிலேயே இருக்கிறது. ஒலிப்பு முறையில் தட்டுபவர் என்றால் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவிக் கொடுங்கள். எழுத்து அளவைக் கூட்டி, அவர் படிக்கும் தளங்களை புக்மார்க்கில் வைத்துவிட்டு, முதல் வாரம் கொஞ்சம் பக்கத்தில் இருங்கள்.