சம்பந்தி முன்னால் சொன்ன பொய்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது, முப்பது வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கு மேலும். அடுத்த மாதம் மூட்டு ஆபரேஷன். பழக்கம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். சம்பந்தியும் கூட வந்திருந்ததால் இல்லை என்று சொல்லிவிட்டோம். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால் குடி தானாக விட்டுப்போகும்தானே?

பதில்: குடி போகுமோ என்னவோ, ஆள் போய்விடலாம் தம்பி.

சம்பந்தி இருந்தார், அதனால் இல்லை என்றோம். எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! முப்பது வருடக் குடி தெருவுக்கே தெரிந்திருக்கும், தெரியக் கூடாதவர் டாக்டர் ஒருவர்தானா? பெற்றவர் உயிரை அடகு வைத்துக் காப்பாற்றுகிற மானம் எனக்குப் புரியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, சம்பந்தி என்ன நினைப்பார் என்பது அதற்கப்புறம்.

காலையில் டபரா பிடிக்கும்போது அப்பாவின் கை நடுங்குகிறதா என்று பாருங்கள். வயசு என்று விட்டிருப்பீர்கள். ராத்திரி குடித்தது இறங்கி ஏழெட்டு மணி நேரம் ஆனதாலும் அப்படி நடுங்கும். மது மூளையை அமுக்கி வைக்கிறது, மூளையும் வருடக்கணக்கில் அதை எதிர்த்துத் தள்ளியே பழகிவிடுகிறது, திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்தத் தள்ளல் மட்டும் மிஞ்சி நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று ஆரம்பித்து, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிவிடுவார்கள். புது மூட்டோடு கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்த்தால்? குடி தெரியாத டாக்டர் அதை மயக்க மருந்தின் வேலை என்றோ வயசுக் குழப்பம் என்றோ நினைக்கலாம்.

முன்பே தெரிந்தால் வைத்தியம் இருக்கிறது. பி1 விட்டமின் கொடுப்பார்கள், நடுக்கத்துக்கான மாத்திரையை வயசுக்கும் ஈரலுக்கும் தகுந்தபடி கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷனையே தள்ளிவைப்பார்கள். ஓசூர் ரோடு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை வீட்டில் நீங்களாகப் பாட்டிலைப் பிடுங்கி நிறுத்தாதீர்கள். நடுவில் வலிப்போ குழப்பமோ வந்தால் 108தான்.

இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று அப்பாவையே சொல்ல விடுங்கள். சம்பந்தி கூட வந்தால் காப்பி வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.